தட்டாமல் அளந்த கோதுமை

கனடாவின் சஸ்காச்சுவானில் எங்கள் ஊர்த் தானியக் கிடங்கில் இருபது வருடமாக ஈரம் பார்ப்பவர் வெர்னா டைக். மகள் கல்யாணத்துக்காக அவர் ஒரு வாரம் லீவு போட்டபோது அந்த வேலையைக் கிடங்கின் இன்னொரு ஊழியர், மெட்ரோ என்பவர், பார்த்தார். அந்த வாரம் வந்த கோதுமையில் பாதி, ஈரம் என்று திரும்பிப் போனது. மெட்ரோவின் மச்சான் ஒரெஸ்டின் லாரியும் தப்பவில்லை.

வெர்னா திரும்பிய காலையிலேயே ஒரெஸ்ட் லாரியோடு வந்துவிட்டார். "பத்து நாளா மழையே இல்ல வெர்னா. இவன் கை பட்டா மட்டும் கோதுமை நனைஞ்சுடுது!"

"மெஷின் சொல்றதத்தான் மச்சான் நான் சொல்றேன்," என்றார் மெட்ரோ.

வெர்னா அவரையே அளந்து காட்டச் சொன்னார். மெட்ரோ மெஷின் கிண்ணத்தில் ஒரெஸ்டின் கோதுமையைக் கொட்டி, மேஜையில் நாலு தட்டு தட்டி, இன்னொரு பிடி போட்டு அமுக்கினார். ஈரம் பதினைந்தரை சதவீதம்.

வெர்னாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ஐயோ மெட்ரோ, ஊறுகாயா அடைக்கிறீங்க? இது மின்சாரத்த வச்சு ஈரம் பாக்குற மெஷின். மணியெல்லாம் நெருக்கிக்கிட்டு உக்காந்தா, அதையும் தண்ணின்னு நெனச்சுக்கும்."

அதே கோதுமையைப் வெர்னா புனல் வழியாகத் தானாக விழவிட்டார். பதினாலு. பதினாலரை வரை கிடங்கில் எடுத்துக்கொள்வார்கள்.

ஒரெஸ்ட் வெர்னாவின் கையைப் பிடித்து அங்கேயே இரண்டு சுற்று ஆடினார். தான் திருப்பி அனுப்பியவர்களுக்கெல்லாம் மெட்ரோவே போன் போட்டார். மதியத்துக்குள் லாரிகள் நெடுஞ்சாலை வரை நின்றன. வரிசையில் நின்ற எல்லோருக்கும் மெட்ரோ டோனட் வாங்கிக் கொடுத்தும் கேலி மட்டும் குறையவில்லை.