முட்டைக்குப் பக்கத்து வீடு

கூடப்பிறந்த நாங்கள் நாலு பேரும் நாலு நாடுகளில் வந்து இறங்கினோம். அக்கா நோர்வேயில், தங்கச்சி பிரான்ஸில், தம்பி சுவிஸில், நான் ஜேர்மனியில், வுப்பர்டாலில். அகதியாக வந்த காலத்தில் யாருக்கு எந்த நாடு என்பதை, காசு வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்தான் தீர்மானித்தார். ஆனால் நாட்டுக்கொரு பாடகரை அனுப்பும் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டி தொலைக்காட்சியில் வரும் அந்த ஒரு சனிக்கிழமை, பரம்பரை பரம்பரையாக அந்தந்த நாட்டிலேயே பிறந்தவர்கள் மாதிரி மல்லுக்கட்டுவோம்.

ஜேர்மனி அநேகமாகப் பட்டியலின் அடியில்தான் கிடக்கும். முடிவு வந்த கையோடு தம்பி ஃபோன் எடுப்பான்.

"அண்ணை, உங்கட ஆளுக்கு முட்டை!"

முட்டை இல்லையடா, கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கு என்று நான் கத்துவேன். "அப்ப முட்டைக்குப் பக்கத்து வீடு" என்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஃபோனை வைத்தபிறகு சிரிப்பேன்.

மூத்த மகளின் கல்யாணத்தோடு அது நின்றது. மண்டபம், சாப்பாடு, ஐயர் என்று ஓடிய ஓட்டத்தில் அழைப்பிதழைப் படமெடுத்து எங்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். எல்லோருக்கும் சொல்லியாயிற்று என்று இருந்துவிட்டேன். அக்காவும் தங்கச்சியும் வந்தார்கள். தம்பி வரவில்லை. "குறூப்பில போட்டா அது எனக்குச் சொன்னதோ? ஒரு ஃபோன் எடுத்து வாடா எண்டு சொல்ல ஏலாதோ அவருக்கு?" என்று அக்காவிடம் கேட்டானாம்.

எங்கள் ஆட்களுக்கு ஆளுக்கு ஆள் சொன்னால்தான் அது அழைப்பு. எனக்கு இது தெரியாததில்லை. கூடப்பிறந்தவனுக்கு என்ன முறை வேண்டிக் கிடக்கிறது என்று வீம்பு பிடித்தேன். அவனும் என் தம்பிதானே, வீம்பில் எனக்குக் குறைந்தவனில்லை. இரண்டு போட்டிகள் யாரும் முட்டை என்று சொல்லாமல் கழிந்தன. அவன் இனிமேல் பேசவே மாட்டானோ என்ற பயத்தை மனைவியிடம்கூட நான் சொல்லவில்லை.

மூன்றாவது வருடம் மகளும் மருமகனும் போட்டி பார்க்க வந்திருந்தார்கள். மனைவி ரோல்ஸ் பொரித்திருந்தாள். சொந்த நாட்டுக்கு வாக்குப் போட முடியாது என்பது அந்தப் போட்டியின் சட்டம். அதனாலேயே கோபித்துக்கொண்டு இத்தனை வருடமும் நான் யாருக்கும் போட்டதில்லை. அன்றைக்கு சுவிஸ் பாடகர் மேடைக்கு வந்ததும் தம்பி ஞாபகம் வந்தது. வாக்குப் போடும் நேரம் வந்தபோது ஃபோனில் சுவிஸுக்குப் போட்டேன்.

மகள் கண்டுவிட்டாள். "அப்பா! படமெடுத்துக் குறூப்பில போடட்டோ? சித்தப்பா பார்ப்பார்."

"போடாதை!" என்று நான் போட்ட சத்தத்தில் மருமகனின் கையிலிருந்த ரோல்ஸ் மடியில் விழுந்தது. குறூப்பில் போடும் அந்தப் பிழையை ஒருதரம் விட்டதே போதும். ஃபோனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனேன்.

தம்பிக்கு எடுத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தான். அங்கேயும் அதே போட்டியின் சத்தம் கேட்டது.

"நான்தான்டா. கலியாணத்துக்கு உனக்குத் தனியச் சொல்லேல்லை. பிழை என்னிலதான். இண்டைக்கு உன்ர சுவிஸுக்குப் போட்டிருக்கிறன்."

அவன் தொண்டையைச் செருமினான்.

"நான் ஒவ்வொரு வருசமும் ஜேர்மனிக்குத்தான் போடுறனான், அண்ணை. கதைக்காத ரெண்டு வருசமும் போட்டனான். பிறகும் முட்டைதான் வருதெண்டா நான் என்ன செய்ய?"

அடுப்படியில் நின்று அழுதேன், வெட்கமில்லாமல். முட்டை இல்லை, கொஞ்சம் புள்ளி விழுந்திருக்கு என்று நான் தொண்டை கிழியக் கத்திய வருடங்களிலெல்லாம், அந்தக் கொஞ்சத்துக்கு வாக்குப் போட்டவன் அவன். நான் செய்த புண்ணியம் என்னவென்று தெரியவில்லை, எனக்கு இப்படியொரு தம்பி. எங்களைச் சேர்த்து வைத்ததற்காக, தோற்றுக்கொண்டே இருந்த அந்த ஜேர்மன் பாடகர்கள் எல்லோருக்கும்கூட நன்றி சொல்லலாம் போலிருந்தது.

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது முடிவு அறிவித்தார்கள். ஜேர்மனி வழக்கமான இடத்தில்தான் கிடந்தது. உடனே என் ஃபோன் அடித்தது. மனைவி, மகள், மருமகன் மூவரும் என்னையே பார்த்தார்கள்.

எடுத்து, "சொல்லடா" என்றேன்.