அண்ணி பார்த்த இரண்டு நர்சரிகள்

ஹட்டனில் அந்த நர்சரியின் வாசலில் அண்ணி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தது நினைவிருக்கிறது. வேறு தாய்மார் யாரும் கழற்றவில்லை. மழை அப்போதுதான் விட்டிருந்தது, இடுப்பில் மகள். அண்ணன் கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்ததால் துணைக்கு நான் போயிருந்தேன். பிள்ளைக்கு அப்போது நான்கு வயதாகவிருந்தது. "ம்மா" என்ற சத்தத்துக்கு மேல் பேச்சு வரவில்லை. காதில் குறையில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ் பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசுவார். மற்றப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுங்கள் என்றார். கையால் காட்டினாலும் பரவாயில்லை, அவள் சொல்ல வருவதற்குப் பொறுத்திருப்பவர்கள் உள்ள இடமாகப் பாருங்கள் என்றார். எந்த இடம் என்று சொல்லவில்லை.

அண்ணனின் மனதில் இருந்தது ஹட்டன் நர்சரிதான். சீருடை, ஆங்கிலப் பாட்டு, வருட முடிவில் கலைவிழா. மஸ்கெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளிலேயே கிடந்தால் பிள்ளை வாய் திறக்காது என்று நம்பினார். நர்சரியை நடத்தியவர் நல்ல மனுஷி. பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளத் தயக்கம் எதுவும் காட்டவில்லை. அண்ணி ஒன்றே ஒன்று கேட்டார்.

"இவளுக்குத் தண்ணி வேணும்னா உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொடுப்போம், கவலைப்படாதீர்கள் என்றார் அவர். அண்ணி தலையாட்டினார். பிள்ளையைச் சேர்க்காமலே பஸ் ஏறினார்.

மறுநாள் தோட்டத்து முன்பள்ளிக்குப் போனோம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஓர் அறைதான் அது. சுவரில் ஈரம் ஊறியிருந்தது. அண்ணி அதே கேள்வியைக் கேட்டார். டீச்சர் சின்ன வயதுப் பெண், சற்று யோசித்தார்.

"எனக்குத் தெரியாதுங்க. வீட்டுல எப்படிக் கேப்பான்னு காட்டுங்க, பழகிக்கிறேன்."

அண்ணி பெருவிரலை உதட்டருகே வைத்துக் காட்டினார். டீச்சரும் செய்து பார்த்தார். அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. கேட்டிருந்தால் நானும் ஹட்டன் என்றே சொல்லியிருப்பேன், யாரும் கேட்கவில்லை. அண்ணனுக்குக் கோபம். லயத்துப் பிள்ளை லயத்தோடு கிடக்கட்டும் என்று தீர்மானித்துவிட்டாள் என்று என்னிடம் சொன்னார். கொஞ்ச காலம் அண்ணியோடு பேசவேயில்லை. சேதியெல்லாம் என் வழியாகத்தான் போய்வந்தது.

பிறகு வந்த சிக்கலை யாரும் எதிர்பார்க்கவில்லை. டீச்சர் எங்கள் பிள்ளையின் கைச்சாடைகளை வகுப்புக்கே பழக்கிவிட்டார். மற்றப் பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது. வீட்டிலும் விரலைக் காட்டித் தண்ணீர் கேட்கத் தொடங்கினார்கள். ஊமைப் பிள்ளையோடு சேர்ந்து தங்கள் பிள்ளைகளும் ஊமையாகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. ஒரு மாலை வேலை முடிந்ததும் தாய்மார் சிலர் கொழுந்துக் கூடையோடு நேரே முன்பள்ளிக்கு வந்துவிட்டார்கள். எங்கள் பிள்ளையை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் தங்கள் பிள்ளைகளை அனுப்பமாட்டோம் என்றார்கள். டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணியும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. குரல் உயரவில்லை.

"ஒங்க புள்ளைங்க வாய மூடிக்கிட்டா கை காட்டுது? பேசிக்கிட்டேதான காட்டுது. எம்புள்ள அதப் பாத்துத்தான் வாயசைக்கப் பாக்குறா. இங்கேருந்து அனுப்பிட்டா அவ யாரப் பாப்பா?"

கூட்டம் கலைந்தது. ஒரு குடும்பம் மட்டும் பிள்ளையை நிறுத்திக்கொண்டது. மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே அனுப்பினார்கள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில், பக்கத்தில் இருந்த சிறுமி பலகையில் கிறுக்கிக்கொண்டிருந்த சோக்கட்டியைப் பறித்துக்கொண்டபோது, எங்கள் பிள்ளை "தா" என்றாள். டீச்சர் அதைச் சொல்ல மலைக்கே ஏறி வந்துவிட்டார். அண்ணி கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.  "அந்தப் புள்ள குடுத்துச்சா?" என்றார். கொடுத்துவிட்டது என்றார் டீச்சர். அண்ணி முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு கூடையை இறக்கினார்.

இப்போது அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். 'ர' இன்னும் சரியாக வராது. அவசரப்படுத்தினால் எல்லாச் சொல்லும் நின்றுவிடும். கிளினிக்குக்குப் போவதும் நிற்கவில்லை. அன்று எடுத்த முடிவு சரிதானா என்று அண்ணியிடம் ஒருமுறை கேட்டேன். "தெரியல. அங்க போயிருந்தா இன்னும் சீக்கிரமா பேசியிருப்பாளோ என்னமோ" என்றார். அதில் வருத்தமும் இல்லை, பெருமையும் இல்லை.

அண்ணன் கடையிலிருந்து மகளுக்குப் போன் எடுப்பார். முன்பெல்லாம் அவள் தயங்கினால், சொல்லு சொல்லு என்று அவசரப்படுத்துவார். அவள் போனைத் தாயிடம் நீட்டிவிடுவாள். போன தடவை நான் பக்கத்தில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் நடந்த எதையோ தொடங்கிவிட்டு நடுவில் நின்றுவிட்டாள். மறுமுனையில் யாரோ சேலைக்கு விலை கேட்பது கேட்டது. அண்ணன் அவர்களுக்குப் பதில் சொல்லவில்லை. மகளையும் அவசரப்படுத்தவில்லை. அவள் சொல்லி முடிக்கட்டும் என்று பேசாமல் இருந்தார்.