பெரியப்பா ஊன்றிய கிளுவை

கிளுவை மரத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம் உண்டு. மரம் பாவம், என்ன செய்யும் என்பீர்கள். கிளையை வெட்டிப் போத்தாக மண்ணில் ஊன்றினால் பிழைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். அதுதான் எங்கள் பெரியப்பாவுக்கு வசதியாகப் போயிற்று.

எழுபதுகளின் கடைசி. போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் வேலை. மாதம் ஒருமுறை ஜீப்பில் இறங்கி வருவார். வீட்டுக்குப் பின்னால் எங்கள் தோட்டம், அதை ஒட்டி அவருடைய அண்ணன் தோட்டம். இரண்டு வீட்டுக்கும் பொதுவான கிணறு பெரியப்பா பக்கம் இருந்தது. கிணற்றுக்குப் போகும் பாதை எங்கள் நிலத்தின் ஓரத்தில்.

அந்தப் பாதைமேல்தான் பெரியப்பாவுக்குக் கண். இன்னொரு வரிசை வாழை வைக்கலாமே. ஒரு பங்குனியில், நிழலில் போட்டுப் பால் வற்றவைத்த கிளுவைப் போத்துகளைக் கொண்டுவந்து, நுனியில் சாணியை அப்பி, பாதை தன் பக்கம் போகும்படி, எங்கள் நிலத்துக்குள் வரிசையாக ஊன்றிவிட்டார்.

புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது எங்கள் வீடுகளில் பழக்கமில்லை. பத்தாவது முடித்து வீட்டில் இருந்த என்னை அனுப்பித்தான் அம்மா கேட்டாள்.

“சும்மா காஞ்ச குச்சி ஆத்தா. ஆடு வராம ஊனி வச்சிருக்கேன். வெரசா புடுங்கிருவேன்,” என்றார்.

சித்திரையில் மழை விழுந்தது. குச்சியெல்லாம் துளிர்த்தது. மறுபடி போய்க் கேட்டேன்.

“பச்ச மரத்த யாராச்சும் புடுங்குவாகளா? பாவமில்ல?”

பாவத்தைப் பற்றி அவர் பேசினார்! அதன்பின் தெருவைச் சுற்றி, அவர்கள் வீட்டு வாசல் வழியாக, பெரியம்மாவின் முகச்சுளிப்பைத் தாண்டித்தான் எங்களுக்குத் தண்ணீர். அப்பா வந்தபோது, “அண்ணன்கிட்டப் பேசுறேன்” என்று போனார். அங்கேயே கோழிக்குழம்பும் சோறும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

அடுத்த மாசியில் கிளுவை இலையுதிர்த்து மொட்டையாக நின்றது. அம்மா கடப்பாரையோடு போய், பாதை திறக்கும் அளவுக்குப் பெயர்த்துப் போட்டாள். பெரியப்பா ஓடி வந்தார்.

“உசுரோட இருக்குற மரத்த இப்பிடிப் பண்ணுறாளே!”

அம்மா முதன்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள். “காஞ்ச குச்சின்னு நீங்கதான சொன்னீக? பாருங்க, ஒத்த எல இருக்கா?”

பிடுங்கியதை அடுப்பில் வைத்தாள். ஈரம், எரியவில்லை. வீடெல்லாம் புகை. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருவரும் சிரித்தோம்.

அந்த முறை அப்பா வீட்டுக்குள் நுழையாமல் நேரே அண்ணனிடம் போனார். திரும்பும்போது கை நிறையக் கிளுவைப் போத்து. திறந்த இடத்தில் தானே ஊன்றி, குதிகாலால் மண்ணை மிதித்து இறுக்கினார்.

“ஒம் பொண்டாட்டி அண்ணன எதுத்துப் பேசிட்டாளாமேன்னு ஊரே கேக்குது. எனக்கு மானம் போகுது,” என்றார்.

பெரியப்பா தம்பி நிலத்தைத் திருடுகிறவர், சரி. தன் வீட்டுப் பாதையைத் தானே அடைத்தவரைத்தான் அன்று நான் வெறுத்தேன்.

கையைத் தட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர், குளிக்க வெந்நீர் கேட்டார். அம்மா காலிக் குடத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“தண்ணியில்ல. நீங்க நட்ட வேலியச் சுத்திப் போயிக் கொண்டாங்க.”

அப்பா குடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை.