இரண்டாந்தரம் கேட்காத சபை

பேசாலையிலிருந்து வந்த விமலராணி வாயடைத்து நின்றது இத்தாலியின் பலேர்மோ நகரில் ஒரேயொரு தரந்தான். மற்றபடி அவர் கதைக்காமல் இருந்ததை அவர் வேலைசெய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவும் கண்டதில்லை, பங்குச் சுவாமியாரும் கண்டதில்லை.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கான பள்ளி ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்புச் சான்றிதழுக்கென்று விமலராணி அங்கே சேர்வதும் இடையில் நிற்பதுமாக இருந்தார். வகுப்பு செவ்வாய் மாலை. அந்த நேரத்தில் அவர் சிஞ்ஞோரா வீட்டில் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருப்பார். வீட்டுவேலைக்காரருக்கு ஓய்வென்றால் வியாழன் பின்னேரந்தான். வகுப்பை வியாழனுக்கு மாற்றினால் அவர் மட்டுமா, கோயில் பங்கில் பாதிப்பேர் படித்து முடிப்பார்கள். ஆனால் அதைத் தீர்மானிப்பது நிர்வாக சபை. இந்த வருடம் சபைக்கு மாணவர் ஒருவரையும் நியமிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அந்தக் கதிரையில் அவருக்கு ஒரு கண்.

நல்லகாலம், நியமனக் கூட்டம் வியாழன் பின்னேரம் வந்தது. பள்ளித் தலைவி எடுத்த எடுப்பிலேயே, "விமலராணியை நியமிக்கலாம் என்று நினைக்கிறேன். சம்மதமா?" என்று கேட்டார்.

விமலராணி தலையைக் குனிந்து சிரித்தார். "ஐயோ, நான் எதற்கு? வேறு நல்ல ஆளாகப் பாருங்கள்" என்றார் இத்தாலியனில்.

கோயில் சபைக்கு ஆள் தெரிவு செய்யும்போது அப்படித்தான் சொல்ல வேண்டும். முதல் கேள்விக்கே தலையாட்டினால் 'கதிரைக்கு ஆலாய்ப் பறக்கிறா' என்று கதை கிளம்பும். இரண்டு தரம் மறுத்து, மூன்றாந்தரம் நாலுபேர் கையைப் பிடித்து இழுக்க, மனமில்லாதவர் போலப் போய் இருக்க வேண்டும்.

"புரிகிறது, வற்புறுத்தமாட்டேன்" என்று தலைவி அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

விமலராணி வாயடைத்துப்போனது அப்போதுதான்.

அடுத்த ஆள் யசிந்தன், மொண்டெல்லோ கடற்கரைக் கடையில் மீன் பொரிக்கிறவன். "அக்கா இருக்க நானா?" என்று அவனும் நெளிந்தான். "அப்படியானால் இந்த வருடமும் மாணவர் இல்லாமலே சபை நடக்கட்டும்" என்று தலைவி கண்ணாடியைக் கழற்றினார்.

"டேய், நீயேன்டா மாட்டனெண்டனீ?" விமலராணி பல்லைக் கடித்தார்.

"நான் ஓமெண்டிருந்தா ஞாயிறு பூசை முடிய என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்டிருப்பியள். இனி ஒருத்தரும் கேக்காயினம். கையைத் தூக்குங்கோ அக்கா!"

"நானாய்க் கேக்கிறதோ? வெக்கக்கேடு."

"அப்ப கத்தரிக்காயோடையே இருங்கோ."

கை தானாக உயர்ந்தது. "நான் வருகிறேன்! எனக்கு விருப்பம்!" நடையில் போன யாரோ நின்று எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம்.

"வேண்டாம் என்றீர்களே?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

தலைவி மேசையைத் தட்டிச் சிரித்தார். "சாப்பாடு நீட்டினால் நாங்களும் முதலில் வேண்டாம் என்றுதான் சொல்வோம், விமலராணி. பதவிக்கு யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை! சரி, சபையில் முதலில் என்ன கேட்கப் போகிறீர்கள்?"

"வியாழக்கிழமை" என்று தொடங்கினார் விமலராணி. அதன்பிறகு மற்றவர்கள் வாய் திறக்க வழியே இருக்கவில்லை.

வெளியே வந்ததும் யசிந்தன், "ஆலாய்ப் பறந்திட்டியள் அக்கா" என்றான்.

"ஓம், பறந்தனான். வகுப்பு மட்டும் வியாழனுக்கு மாறட்டும், நீ பிந்தி வந்தியெண்டா இருக்கு உனக்கு!"