எதிர்க்கட்டடத்துக்கு இழுத்த ஒயர்

இன்டர்நெட் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்குப் போன் மணி அடித்தாலே திட்டு விழப்போகிறது என்று அர்த்தம், பட்டவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளின் கடைசி, கோயமுத்தூர். வீட்டில் கைக்குழந்தை. வேலை போய்விடுமோ என்ற பயத்திலேயே என் பொழுது விடியும்.

சீமை சுற்றும் மெயில்

பெரியநாயக்கன்பாளையத்தில் பம்ப் செய்யும் பழனிச்சாமி அண்ணன் எங்கள் வாடிக்கையாளர். அவருக்கு மர அச்சு செதுக்கித் தரும் உக்கடம் காதர் பாயோ, எதிர்க்கட்டடத்துப் போட்டிக் கம்பெனியின் வாடிக்கையாளர். இரண்டு கம்பெனிக்கும் நடுவே தொடர்பே கிடையாது. இரண்டு பேரின் வெளி லைனும் அமெரிக்காவில்தான் சேரும். அதனால் அண்ணன் மெயிலில் அனுப்பும் பம்ப் வரைபடம் அமெரிக்கா போய்த்தான் உக்கடம் வரும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் இதை அண்ணனிடமே உளறிவிட்டேன். மனுஷன் முகம் வெளுத்துப்போனது.

"ஏனுங்க, எம்பட பம்ப்பு படத்தை அங்க எவனெவன் பாக்கறானோ?"

முதலாளியின் பயம்

எதிர்க்கட்டடத்துக்கு நேராக ஒரு ஒயர் இழுத்தால் உள்ளூர் மெயில் உள்ளூரிலேயே போய்விடும், வெளி லைன் அறுந்தாலும் கவலையில்லை என்று முதலாளியிடம் கெஞ்சினேன். அதன் வழியாக வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்களாம்! எதிராளிக்கும் இதே பயம். ஒருவழியாக இருவரும் சம்மதித்தார்கள். ஆனால் மில்லில் தினம் மெயின் சுவிட்சை அணைத்துப் பழகிய எங்கள் முதலாளி, தினம் சாயங்காலம் ஒயரைப் பிடுங்கிவிடுவார். காலையில் வந்து சாமி படத்துக்குச் சூடம் காட்டிய பிறகுதான் செருகுவார். வேறு யாரும் தொடக் கூடாது.

"ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒயரோட நீயும் அக்கட்ட அந்தக் கம்பெனிக்கே போயிரு கண்ணு."

அமாவாசைக் காலை

ரோடு தோண்டியவர்கள் வெளி லைனை அறுத்துப்போட்டார்கள். பழனிச்சாமி அண்ணன் போனில் அலறினார். மேட்டுப்பாளையம் ரோட்டில் மறியல், நேரில் கொடுத்தனுப்பவும் வண்டி நகரவில்லை. மத்தியானத்துக்குள் படம் பாய்க்குப் போகாவிட்டால் வெளிநாட்டு ஆர்டர் கேன்சல். ஒயரைப் பார்த்தேன், தொங்கிக்கொண்டிருந்தது. அமாவாசையென்று முதலாளி கோயிலுக்குப் போயிருந்தார். குழந்தை முகம் கண்ணுக்குள் வந்தது. ஒயரைச் செருகிவிட்டேன்.

முதலாளி உள்ளே வந்தார். முதலில் ஒயரைப் பார்த்தார், அப்புறம் என்னை. செத்தேன் என்று நினைத்தபோது போன் அடித்தது. அவரே எடுத்தார். பழனிச்சாமி அண்ணன் குரல் எனக்கே கேட்டது.

"படம் பாய்க்குப் போயிருச்சுங்க! எம்பட மச்சான் மில்லுக்கும் உங்க கனெக்சனே ஒண்ணு போட்டுக் குடுங்க."

மறுநாளிலிருந்து முதலாளி அந்த ஒயரைப் பிடுங்குவதை விட்டார், சாமி படத்தோடு சேர்த்து அதற்கும் சூடம் காட்ட ஆரம்பித்தார். சூடு பட்டு ஒயர் உருகிவிடுமோ என்று பக்கத்திலேயே பயந்துகொண்டு நிற்பது என் வேலையானது.