சிவப்புப் பூ வந்தும் மலாயா போனேன்

முருகனை நம்பியிருக்கும் அன்பர்களே, பூப்பொட்டலத்தில் சிவப்பு வந்த அந்தக் காலையில் என் நெஞ்சு உடைந்துபோனது. இன்று அதே சிவப்புப் பூவுக்கு நன்றி சொல்லத்தான் உங்கள் முன் வந்திருக்கிறேன்.

சாமளாபுரத்தில் நாங்கள் தறிக்காரக் குடும்பம். நான் சிறுமியாக இருந்தபோதே அம்மா இறந்துவிட்டார். அப்பா தறியில் இருப்பார். அவருடைய அக்கா, என் அத்தை, பக்கத்தில் ராட்டை வைத்துத் தறிக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவார். இருவருக்கும் எழுத்துத் தெரியாது. அந்த வீட்டிலிருந்துதான் நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன், ஆசிரியைப் பயிற்சியும் முடித்தேன். பெருமையாகவே சொல்கிறேன். முருகன் கொடுத்ததை எதற்கு மறைக்க வேண்டும்?

சீனச் சண்டை முடிந்து அடுத்து வந்த தைப்பூச சமயம். எங்களிடம் சேலை வாங்கும் ராவுத்தர் மலாயாவிலிருந்து வந்திருந்தார். அங்கே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் ஆசிரியர் இல்லாமல் பூட்டிக் கிடப்பதாகச் சொன்னார்.

"சம்பளம் தர வழியில்லீங்க. கப்பல் செலவு, சாப்பாடு, தங்க ஊடு குடுப்பாங்க. ஒரு வருசம் தொண்டா யாராச்சும் வந்தாத் தேவலைங்க."

"நான் போறனுங்க" என்றேன். யோசிக்கவே இல்லை.

அப்பாவின் தறி நின்றது. அவர் அப்படி நடுவில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. "சாமி சொல்லட்டும் கண்ணு. பூக் கேட்டுப் பார்ப்போம்" என்றார்.

வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் மடித்து முருகன் காலடியில் வைப்போம். பெரியவர் ஒருவர் மனதுக்குள் கேள்வியைக் கேட்டுக் கும்பிடுவார். ஒரு குழந்தை ஏதாவது ஒரு பொட்டலத்தை எடுக்கும். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் கூடாது. அதே கேள்வியை மறுபடி கேட்கவும் கூடாது.

கிருத்திகையன்று விரதமிருந்து அப்பாவோடு கோவிலுக்குப் போனேன். கேள்வியை அப்பாதான் மனதுக்குள் கேட்டுக் கும்பிட்டார். எனக்கு ஒரே வேண்டுதல். 'முருகா, "போயிட்டு வா கண்ணு" என்று அப்பா வாய் நிறையச் சொல்ல வேண்டும்.'

சிவப்பு வந்தது.

வீட்டுக்கு வந்து பட்டினியாகப் படுத்துவிட்டேன். பூட்டிய பள்ளிக்கூடம்தான் கண்ணுக்குள் நின்றது. "அந்தப் பூட்டை யார் திறப்பார் முருகா?" என்று கேட்டுக் கேட்டு அழுதேன். அப்போது வெளியே அத்தையின் குரல் கேட்டது.

"ஏண்டா, சாமிகிட்ட என்னன்னு கேட்டே?"

"பொண்ணைத் தனியாக் கப்பல் ஏத்தலாமான்னு கேட்டேன்க்கா."

ராட்டைச் சத்தம் நின்றது. "தனியாவா? அப்பச் சாமி சரியாத்தான் சொல்லியிருக்குது. கொமரிப் புள்ளையத் தனியா அனுப்பலாமாடா? நான் கூடப் போறேன். அதைப் போய்க் கேளு."

"நீயா? அவிநாசித் தேருக்குப் போற பஸ்ஸுலயே வாந்தி எடுக்கறவ. கப்பல்ல என்ன பண்ணுவே?"

"வாந்திதான் எடுப்பேன். கடல் என்ன நம்மூட்டு வாசலா, கழுவி உடறதுக்கு?"

அழுதுகொண்டிருந்த நான் எழுந்து உட்கார்ந்து சிரித்தேன்.

மறுபடி போனோம். 'அக்காவும் பொண்ணும் சேர்ந்து போகலாமா?' என்று அப்பா புதிதாகக் கேட்டார். குழந்தை எடுத்த பொட்டலத்தைப் பூசாரி பிரித்தார். வெள்ளை! அத்தை கைதட்டிய சத்தத்தில் பூசாரியே திடுக்கிட்டுப் போனார். இரண்டு பேர் வருவது இன்னும் நல்லது என்று ராவுத்தர் அத்தைக்கும் கப்பலில் இடம் ஏற்பாடு செய்தார்.

ஆனாலும் அப்பா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. திருப்பூர் ஸ்டேஷனில் ரயில் நகரத் தொடங்கியது. அப்பா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடந்தார். "போயிட்டு வா கண்ணு. நம்மூட்டுல படிச்சவ நீ ஒருத்தி. அதை நாலு ஊட்டுக்குக் குடுத்துட்டு வா" என்றார். கேட்டதற்கு மேலேயே முருகன் கொடுத்துவிட்டான்!

சொன்னபடியே அத்தை பினாங்கு வரைக்கும் வாந்தி எடுத்தார். தோட்டத்தில் பூட்டைத் திறந்தேன். பையன்கள் ஓடி வந்தார்கள். பெண் பிள்ளைகளைக் காணோம். தாய்மார் விடியும் முன்பே ரப்பர்ப் பால் வெட்டப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை அக்காமார்தான் வைத்திருக்க வேண்டும். மறுநாளே அத்தை பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் வரிசையாகத் தூளி கட்டினார். "கொழந்தைய எங்கிட்ட உட்டுட்டுப் போயிப் படிங்க சாமி" என்று ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே தள்ளினார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சிவப்புப் பூ புரிந்தது. தனியாக வந்திருந்தால் பாதி வகுப்பு வெறும் தரையாக இருந்திருக்கும்.

ஊர் திரும்பி, தறிப்பக்கத்தில் உட்கார்ந்து நானும் அத்தையும் மாறி மாறிச் சொன்னோம். தூளிக் கதையைக் கேட்டு அப்பா இன்னொரு முறை தறியை நிறுத்தினார். "மறுக்கா எப்பக் கண்ணு போறீங்க?" என்றார்.

வருகிற கிருத்திகைக்குப் பூக் கேட்கப் போகிறோம். அன்பர்களே, நீங்களும் தயங்காமல் கேளுங்கள். சிவப்பு வந்தால் சோர்ந்து படுத்துவிடாதீர்கள். யாரைத் துணைக்கு அனுப்ப முருகன் நினைத்திருக்கிறான் என்று உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பிப் பாருங்கள்.