மூன்று ஸ்பூன் ஈஸ்ட்

போன வருடம் தை மாதம், நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்து கிராமத்தில் நடந்தது இது. என் கணவர் சுரங்க வேலையிலிருந்து ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, ஆசை ஆசையாகக் கட்டிய வீட்டில் எட்டே மாதம்தான் இருந்தார். அப்புறம் நான் மட்டும். மகள் புனேயில். குவார்ட்டர்ஸில் ஜன்னலைத் திறந்தால் நாலு குரல் கேட்கும். இங்கே காம்பவுண்டு சுவரைத்தான் பார்க்கலாம். சில வாரம் நான் நேரில் பேசிய ஒரே ஆள் கேஸ் சிலிண்டர்காரர்.

துணைக்கு ஆகட்டும் என்று கன்றும் பசுவுமாக வாங்கினேன். பக்கத்து வீட்டிலும் மாடு உண்டு. ஆனால் அந்தப் பெண்ணோடு எனக்குப் பேச்சு இல்லை. நாங்கள் குடிவந்த புதிதில் அவள் கன்று என் செம்பருத்தியை மேய்ந்துவிட்டது. 'டவுன்ஷிப்பில் யாராவது இப்படி அவிழ்த்து விடுவார்களா' என்று நான் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா! அவள் கன்றை இழுத்துக்கொண்டு போனாள்.

மூன்றாம் மாதம் கன்றுக்குப் பால் மறக்கடிக்க வேண்டும். தீவனத்தில் தினம் ஒரு ஸ்பூன் ஈஸ்ட் பவுடர் கலக்கச் சொன்னார் கால்நடை மருத்துவர். நான் பாலை ஒரேயடியாக நிறுத்திவிட்டுத் தீவனத்தை வைத்தேன். கன்று முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பவுடர் போதவில்லையோ என்று மூன்று ஸ்பூன் போட்டேன். நாலாம் நாள் விலா எலும்பு தெரிய, நிற்க முடியாமல் தள்ளாடியது. இதுவும் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

மருத்துவரை வரவழைத்து, பவுடரே போலி என்று சண்டை பிடித்தேன். அவர் கன்றைப் பொறுமையாகச் சோதித்துவிட்டுச் சிரித்தார்.

"ஈஸ்ட் செரிமானத்துக்கும்மா. தின்னாதானே செரிக்கும்? பாலை மறுபடி குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. தனியா இருந்தா லேசுல தின்னாது. வேற கன்னு இருந்தா பக்கத்துல கட்டுங்க. ஒண்ணைப் பாத்து ஒண்ணு தின்னும்."

வேறு கன்று பக்கத்து வீட்டில்தான் இருந்தது, அந்த மாட்டின் அடுத்த ஈற்று. அரை மணி நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வாய்க்கொழுப்பை நினைத்து எனக்கே கூசியது. ஒருவழியாகப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை.

"இதுக்கா இம்மாம் யோசனை? புடிச்சிகினு வரன், போங்கக்கா" என்றாள்.

அவள் கன்று வந்ததும் வராததுமாகத் தொட்டியில் தலையை விட்டது. என் கன்று அதையே பார்த்தது. மெல்லக் கிட்டே வந்து ஒரு நக்கு நக்கியது. அப்புறம் அதை முட்டித் தள்ளிவிட்டுத் தின்றது.

பொழுது சாயும்போது அவள் தன் கன்றின் கயிற்றை அவிழ்க்கப் போனாள்.

"இருக்கட்டுமே, போயிட்டா இது தனியா கத்தும்" என்றேன்.

அவள் கன்றைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "சரிக்கா. நானும் கொஞ்ச நேரம் குந்திகினு போறன்" என்று வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கன்றுக்குத் துணை கேட்ட சாக்கில் நான் எனக்குத்தான் கேட்டேன் என்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ, இன்றைக்கும் அதை அவளிடம் கேட்டதில்லை, கேட்டால் அழுதுவிடுவேன்.